பட்டாளத்தான் குடித்த பஞ்சும் ஆயா கரைத்த பானகமும்

சர்க்கரைக் கட்டி ஒன்று. அதன்மேல் கசப்பு மருந்து இரண்டு மூன்று சொட்டு. கொஞ்சம் விஸ்கி. பெரிய பனிக்கட்டித் துண்டு. மேலே ஆரஞ்சுப் பழத்தோல் ஒரு கீற்று.

இதற்குப் பெயர் 'ஓல்டு பேஷண்டு'. 'பழைய மோஸ்தர்' என்று பொருள். பெயரே கிழட்டுப் பெயர்! ஆனால் இன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இளவட்டங்கள் கேட்டு வாங்கிக் குடிப்பது இதைத்தான். பெங்களூர், மும்பை, சென்னை நகரங்களின் பெரிய ஓட்டல்களிலும் இதற்கு மவுசு வந்துவிட்டது. ஓட்டலோடு நிற்கவில்லை. அளவுக் கிண்ணமும் குலுக்கும் குவளையும் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே கலக்கத் தொடங்கிவிட்டார்கள்.

குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகையில் விஸ்கிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்தக் கலவைப் பானங்களின் பாட்டன் நம் கடற்கரைக்காரன். அவனுடைய கதை வாலாஜாபாத் வழியாகப் போகிறது. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தாத்தா காலத்துச் சரக்கு

பல பொருள்களைக் கலந்த மதுவுக்கு மேல்நாட்டில் 'காக்டெயில்' என்று பெயர். அப்படியென்றால் என்ன என்று 1806-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஒரு வாசகர் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டார். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில் வந்த பத்திரிகை அது. ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், கசப்பு மருந்து. இந்த நான்கும் சேர்ந்தால் காக்டெயில் என்று ஆசிரியர் பதில் போட்டார். (அதே ஆண்டு ஜூலையில்தான் நம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்கள். காலத்தை நினைவில் வைத்துக்கொள்ள இது உதவும்.)

கசப்பு மருந்து என்றது வேர், பட்டை, தோல் ஆகியவற்றை ஊறவைத்து எடுத்த சாறு. நம் வீட்டில் நிலவேம்புக் கஷாயம் வைப்பதில்லையா? அந்த மாதிரிதான். இன்று உலகம் முழுவதும் விற்கிற 'அங்கோஸ்துரா' என்ற கசப்புச் சாறும் வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாகப் பிறந்ததுதான். வெனிசுலா நாட்டில் இருந்த சீகர்ட் என்ற ஜெர்மன் டாக்டர் 1824-ம் ஆண்டு அதைத் தயாரித்தார்.

1862-ல் ஜெரி தாமஸ் என்ற அமெரிக்கர் இந்தக் கலவைகளுக்குப் புத்தகமே போட்டார். சமையல் புத்தகம் போல, எதை எவ்வளவு ஊற்றுவது என்று எழுதி வைத்தார். கடைக்காரர்களுக்கு அது வேத புத்தகம் ஆயிற்று.

பிறகு வந்தது மதுவிலக்கு. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் சட்டப்படி மது கிடையாது. கை தேர்ந்த ஆட்கள் வேலை இழந்தார்கள். சிலர் கப்பல் ஏறி வேறு நாடு போனார்கள். கள்ளச் சாராயத்தின் நாற்றம் தெரியாமல் இருக்கப் பழச்சாற்றைக் கொட்டிக் குடித்தார்கள். மதுவிலக்கு நீங்கிய பிறகும் பழைய பக்குவம் உடனே திரும்பவில்லை. பொட்டலத்துப் புளிப்புத் தூளும் சாயத் தண்ணீரும் பல காலம் ஆட்சி செய்தன.

1999-ம் ஆண்டின் கடைசி நாளன்று நியூயார்க்கில் சாஷா பெட்ராஸ்கி என்ற இளைஞர் சின்னஞ்சிறு கடை ஒன்றைத் திறந்தார். பெயர் 'மில்க் அண்டு ஹனி'. பாலும் தேனும்! மதுக்கடைக்கு வைக்கிற பெயரா இது? கடைக்குள் இரைச்சல் கூடாது. பழத்தை அன்றன்று பிழிய வேண்டும். ஒவ்வொரு சொட்டையும் அளந்து ஊற்ற வேண்டும். இப்படிக் கட்டுப்பாடு வைத்தார். பழைய புத்தகங்களைத் தூசி தட்டினார்கள். 2007-ல் தொடங்கிய 'மேட் மென்' என்ற தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகன் ஓல்டு பேஷண்டு கேட்டுக் கேட்டுக் குடித்தான். ஊர் முழுவதும் அதையே கேட்டது. 2020-ல் கொரோனா வந்து கடைகளை மூடியதும் பலர் வீட்டிலேயே கலக்கப் பழகிக்கொண்டார்கள்.

குலுக்குவதா, கிளறுவதா?

இந்த வித்தையில் மந்திரம் ஒன்றும் இல்லை. நாக்குக்குத் தெரிந்த கணக்குத்தான்.

விஸ்கி எரிக்கும். சர்க்கரை அந்த எரிச்சலை மழுக்கும். வெறும் சர்க்கரை திகட்டும். புளிப்போ கசப்போ அதை வெட்டும். குளிர்ச்சி ஏறினால் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். ஐஸ் உருகிச் சேரும் தண்ணீரும் கணக்கில் உண்டு. கலக்கி முடிக்கும்போது கால் பங்குக்குக் கிட்டத்தட்ட தண்ணீராகவே இருக்கும். தண்ணீர் சேர்வது மோசடி அல்ல. அது பக்குவத்தில் ஒரு பகுதி.

எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் சேர்ந்தால் 'விஸ்கி சவர்'. சாறு சேர்ந்ததை மூடிக் குலுக்குவார்கள். மூலிகை ஊறிய ஒயினைச் சேர்த்தால் 'மன்ஹாட்டன்'. அதில் சாறு இல்லை. ஆகவே குலுக்காமல் கரண்டியால் கிளறுவார்கள். குலுக்கினால் காற்றுப் புகுந்து நுரைக்கும், கலங்கும். நம் டீக்கடை மாஸ்டர் கையை உயர்த்தி ஆற்றும்போது நுரை பொங்குகிறதே, அதே காரணம்தான். அவரிடம் யாரும் போய்ப் 'பழைய கலை' என்று பேட்டி எடுப்பதில்லை!

பாட்டன் பெயர் பஞ்ச்

காக்டெயில் பிறப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவைக் கட்டி ஆண்ட கலவை ஒன்று உண்டு. அதன் பெயர் 'பஞ்ச்'. பெரிய கிண்ணத்தில் கலந்து நடுவில் வைத்து எல்லோரும் மொண்டு குடிப்பார்கள்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதன்முதலாகத் தென்படுவது 1632-ம் ஆண்டு எழுதிய ஒரு கடிதத்தில். எழுதியவர் ஆடம்ஸ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர். கடிதம் போய்ச் சேர்ந்த ஊர் எது தெரியுமா? பெட்டபொலி. இன்றைய ஆந்திராவில் இருக்கும் நிஜாம்பட்டினம். நம் சோழமண்டலக் கரையின் வடகோடி. சென்னைப் பட்டினத்துக்குக் கம்பெனியார் இடம் வாங்கியது 1639-ல்தான். இடம் வாங்குவதற்கு ஏழு ஆண்டு முன்பே பஞ்ச் வந்துவிட்டது!

பெயருக்கு என்ன பொருள்? 1670-களில் இங்கே சுற்றிப் பார்த்த ஜான் பிரையர் என்ற ஆங்கில டாக்டர் விளக்கம் எழுதினார். இந்துஸ்தானியில் 'பாஞ்ச்' என்றால் ஐந்து. ஐந்து பொருள் சேர்வதால் இந்தப் பெயர் என்றார். பஞ்ச பாண்டவர், பஞ்சாயத்து, பஞ்சாமிர்தம் எல்லாவற்றிலும் இருக்கும் அதே ஐந்து. சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், வாசனைச் சரக்கு. ஐந்தும் இங்கே கைக்கு எட்டும் பொருள்கள். கப்பலில் வந்த பீர் வெயிலில் புளித்துப் போகும். ஒயினுக்கு விலை அதிகம். தென்னையிலும் பனையிலும் இறக்கிய சரக்கைக் காய்ச்சிய சாராயம் மலிவாகக் கிடைத்தது. வெள்ளைக்காரன் அதில் எலுமிச்சையைப் பிழிந்தான்.

பீப்பாய்க்கு இருந்த ஓர் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்த சொல் இது என்று வாதாடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். சொல் எங்கே பிறந்தாலும் சொல் முதலில் கேட்ட இடம் நம் கரை.

சென்னையில் இந்தப் பானம் விற்கும் கடைகளுக்குப் 'பஞ்ச் ஹவுஸ்' என்றே பெயர். பதினேழாம் நூற்றாண்டிலேயே கோட்டை நிர்வாகம் அவற்றுக்கு விதி போட வேண்டி வந்தது. சிப்பாய்களின் சம்பளத்தைக் குடிக் கடனுக்காகக் கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அது கூடாது என்று உத்தரவு. சம்பள நாளில் பணம் வீட்டுக்கு வருமுன் கடைக்குப் போகிற கதை எவ்வளவு பழையது பாருங்கள்!

வாலாஜாபாத் பாளையம்

பாலாற்றங்கரையில் இருக்கும் வாலாஜாபாத்துக்கு ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கே கம்பெனிப் பட்டாளம் பாளையம் இறங்கியிருந்தது. 'வாலாஜாபாத் லைட் இன்பன்ட்ரி' என்று ஊர் பெயரையே தாங்கிய படைப்பிரிவு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இருந்தது. இன்று காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இந்தப் பாளையம் பிடிக்கவில்லை. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் வாட்டின. ஊர் சுகமில்லாத இடம் என்று பெயர் எடுத்தது. கடைசியில் பாளையத்தையே கைவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஐரோப்பியச் சிப்பாய்க்குப் படியோடு சாராயமும் அளந்து கொடுப்பார்கள். அரிசி, இறைச்சி போல அதுவும் ஒரு படி! காய்ச்சலுக்கு நல்லது, வெயிலைத் தாங்கும் என்று நம்பிக்கை. உண்மை நேர் எதிர். வெயிலில் வியர்த்து வற்றிய உடம்பிலிருந்து மது இன்னும் தண்ணீரை வெளியேற்றும். காய்ச்சலைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்டு ராஸ் 1897-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடிக்கும் வரை, கெட்ட காற்று என்றே நினைத்தார்கள். கெட்ட காற்றுக்கு மருந்து சாராயம்! குடித்தவன் தகராறு செய்வான். தகராறு செய்தவனுக்குக் கசையடி. குடியைப் படியளந்தவனே அடியையும் அளந்து கொடுத்தான்.

இதே வட்டாரத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில், குடவோலை முறையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். சபை வாரியத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று பட்டியல் உண்டு. பஞ்ச மகாபாதகங்களில் முதல் நான்கைச் செய்தவர் வரக்கூடாது. அந்த நான்கில் கள் குடிப்பதும் ஒன்று. இங்கும் ஓர் ஐந்து!

பனிக்கட்டி மட்டும் நம்மிடம் இல்லை. அதையும் கொண்டு வந்தார் பிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பல் ஏற்றினார். சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்க 1842-ல் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

பெயர் விஸ்கி

இனி வீட்டில் கலக்கும் விஷயத்துக்கு வருவோம். மேல்நாட்டுப் புத்தகத்தில் விஸ்கி என்று எழுதியிருந்தால் அது பார்லி, சோளம் போன்ற தானியத்தில் இறக்கி மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் ஊறியது. நம் நாட்டில் மலிவாக விற்கும் விஸ்கி பெரும்பாலும் கரும்பு ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட்டில் ஆனது. ஐரோப்பிய நாடுகளில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்கவே சட்டம் இடம் தராது. பெங்களூர் அம்ருத் கம்பெனி பார்லியில் தயாரித்து 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே விற்பனைக்கு வைத்துப் பெயர் வாங்கியது. அது வேறு ரகம், விலையும் வேறு.

தமிழ்நாடு இந்தப் பாட்டிலைத் திறந்தும் மூடியும் பார்த்த மாநிலம். 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் தளர்ந்தது. 1974-ல் திரும்பியது. 1981-ல் மறுபடி திறந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளை டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது.

ஆனால் எல்லாக் கலவையையும் கடைக்காரன் கலப்பதில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும், நம் உத்திரமேரூருக்கு அடுத்த மதுராந்தகம் வட்டாரத்திலும் கள்ளச் சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். கூலி வேலைக்குப் போய் வந்தவர்கள். சில வீடுகளில் பிள்ளைகள் தாய் தகப்பன் இருவரையும் இழந்தார்கள். அந்தச் சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். தொழிற்சாலைக்கு உரிய பொருள். பார்வைக்கும் வாசனைக்கும் வித்தியாசம் தெரியாது. உடம்புக்குள் போனால் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை முதலில் தாக்கும். 'கண் தெரியவில்லை' என்று சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் இதனால்தான். அமெரிக்க மதுவிலக்குக் காலத்திலும் இதே மெத்தனால் பல உயிரைக் குடித்தது.

பணக்கார வீட்டில் அளவுக் கிண்ணம், ஏழை வீட்டில் பிளாஸ்டிக் பை. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் கலக்கும் சாமான் கூடத்து அலமாரியில் பளபளவென்று இருந்தால் பிள்ளைகள் பார்ப்பார்கள். 'அப்பா செய்கிறார், அழகாக இருக்கிறது' என்பதுதான் அவர்கள் மனத்தில் பதியும். ஆகவே இந்தக் கட்டுரையில் விஸ்கிக்கு அளவு தரப் போவதில்லை. பஞ்சுக்குத் தருகிறேன்.

ஐந்தில் ஒன்று போனால்

மேற்கிந்தியத் தீவுகளில் பஞ்ச் கலப்பவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு பங்கு, சாராயம் மூன்று பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. வாசனைக்குச் சிறிது ஜாதிக்காய்.

இந்தக் கணக்கில் சாராயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுக்குக் கஷாயத்தை ஊற்றுங்கள். என்ன கிடைக்கிறது? பானகம்! ஸ்ரீராம நவமிக்குக் கரைக்கிறோமே, தேர் இழுக்கிறவர்களுக்குச் சொம்பு சொம்பாகக் கொடுக்கிறோமே, அதே பானகம். எரிப்பு வேண்டும் என்றால் சுக்கும் மிளகும் எரிக்கின்றன. பஞ்சைக் கண்டு பானகம் கரைத்தார்களா, பானகத்தைக் கண்டு பஞ்ச் கலந்தார்களா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல இருக்கின்றன.

வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சித்திரை வெயிலில் பானகம் கரைத்துக்கொண்டிருந்த ஓர் ஆயாவிடம் அளவு கேட்டேன்.

"ஆயா, வெல்லம் எத்தினி கரண்டி?"

"கரண்டி ஏதுப்பா? கைதான் அளவு. வெல்லம் மொதல்ல கரையட்டும். அப்பால வடிகட்டு. மண்ணு இருக்கும்."

"எலுமிச்சம்பழம்?"

"அது கடேசி. கொட்டை ஒடையாம புழி. கொட்டை நசுங்கிச்சின்னா கசக்கும்."

சாஷா பெட்ராஸ்கி கேட்டிருந்தால் ஆயாவைத் தம் கடையில் வேலைக்கு வைத்திருப்பார்.

கை அளவு தெரியாத நமக்குக் கரண்டி அளவு இதோ. நடுத்தர எலுமிச்சம்பழம் ஒன்றில் இரண்டு மேசைக் கரண்டி சாறு வரும். அதுதான் ஒரு பங்கு. வெல்லத்தைச் சமஅளவு தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி விட்டு, வடிகட்டிய பாகு நான்கு கரண்டி. சிட்டிகை சுக்குத்தூளும் இரண்டு மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய கஷாயம் ஆறு கரண்டி. பானைத் தண்ணீர் எட்டுக் கரண்டி. ஏலக்காய் ஒன்றைத் தட்டிப் போடுங்கள். உப்பு இரண்டு கல். சின்ன டம்ளரில் இரண்டு பேருக்கு வரும். இனிப்பு அதிகம் என்றால் பாகைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டலாம். வெல்லமும் சர்க்கரைதான், நீரிழிவுக்காரர்கள் 'வெல்லம்தானே' என்று ஏமாறக்கூடாது.

சுக்குக்குப் பதில் நன்னாரி வேரைத் தட்டி இரவெல்லாம் வெந்நீரில் ஊறவைத்த சாற்றை ஊற்றினால் நன்னாரி சர்பத். சாதாரணத் தண்ணீருக்குப் பதில் கோலி சோடா ஊற்றினால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். கழுத்தில் கோலி உருளும் அந்தப் பாட்டிலை 1872-ல் வடிவமைத்தவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். அவர் நாட்டில் அது எப்போதோ போய்விட்டது. நாம் விடவில்லை. 2025-ல் இந்தியக் கோலி சோடா வளைகுடா நாடுகளுக்கும், அமெரிக்காவுக்கும், பிறந்த ஊரான இங்கிலாந்துக்குமே கப்பல் ஏறியது!

பானகத்துக்கு மண்பானையோ எவர்சில்வர் பாத்திரமோ எடுங்கள். ஈயம் பூசாத பித்தளை வேண்டாம். புளிப்பு பட்டால் களிம்பு இறங்கும். பாகை மட்டும் தனியாகப் போத்தலில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது எலுமிச்சை பிழிந்து கலப்பதே உத்தமம். கரைத்த பானகத்தை அன்றைக்கே குடித்துவிடுங்கள். மிச்சத்தை வெயில் நாளில் மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துத் திறந்தால் நுரைத்துக்கொண்டு நிற்கும். வெல்லமும் தண்ணீரும் சும்மா இருக்காது. நீங்கள் எடுத்து வைத்த ஐந்தாவது பொருளை அதுவே தயார் செய்துவிடும்.